அத்தியாயம் 7: “உங்களை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?”

வியாழக்கிழமை இரவு பத்தே முக்கால் மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. “அக்கா, நாளைக்கு நான் டூட்டிக்குப் போகல. நீங்களே எச்.ஆர். சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா அவர் தட்ட மாட்டாரு. உங்களை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?”

அனுப்பியவருக்கு 24 வயது. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவர். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் போய் வருவார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் பில் போடும் வேலைக்கு நான்தான் அவரைச் சேர்த்துவிட்டேன். ஆறு வாரத்தில் இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் நானே எச்.ஆருக்குப் போன் செய்து “காய்ச்சல் சார்” என்று சொல்லியிருந்தேன். உண்மையில் என்ன என்று அவரிடம் கேட்கவே இல்லை. வேலை போய்விடக் கூடாதே என்ற பதைப்பில் வாயில் வந்த பொய் அது. மூன்றாம் முறையும் அதையே சொன்னேன். எச்.ஆர். கோபப்படாமல் ஒன்று கேட்டார்: “மேடம், எங்ககிட்ட வேலை செய்யறது அவரா, நீங்களா? அவர் ஏன் எனக்குப் போன் பண்ணல?”

என்னிடம் பதில் இல்லை. அதே கிடங்குக்கு நான் அனுப்பவிருந்த, காது கேளாத இரண்டு பெண்களின் நேர்காணல் தள்ளிப்போனது. என் பொய்க்கு அவர்கள் கொடுத்த விலை அது.

இந்த அத்தியாயம் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தரும் களப்பணியாளர்களுக்கும், ஜாப் கோச்களுக்கும், அவர்களை மேற்பார்வை செய்பவர்களுக்கும் எழுதப்பட்டது. நம்மிடம் உதவிக்கு வருபவர்களில் சிலர் நம்மைத் தங்கள் வசதிக்கு வளைப்பார்கள். அழுது கேட்பார்கள், புகழ்ந்து கேட்பார்கள், மிரட்டிக் கேட்பார்கள். சிலர் வரம்பு மீறுவார்கள். நிலைகுலையாமல், அவர்களையும் கைவிடாமல் வேலையைத் தொடர்வது எப்படி என்பதைப் பார்ப்போம்.

வளைத்துக் கேட்கும் பழக்கம் எங்கிருந்து வருகிறது

அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கான முகாம் நடக்கும் நாளில் வராந்தாவில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சலுகைகள் பெரும்பாலானவற்றுக்கும் குறைந்தது 40 சதவீதம் என்று சான்றிதழில் இருக்க வேண்டும். அதனால் உள்ளே போகும் பையனிடம் அம்மா சொல்லி அனுப்புகிறார்: “டாக்டர் கேட்டா எதுவும் முடியலன்னு சொல்லு.” அடுத்த வாரம் அதே பையன் வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறான். அங்கே நாமே சொல்லிக்கொடுக்கிறோம்: “எல்லாம் முடியும்னு தைரியமா சொல்லு.” சதவீதம் கிடைக்க ஒரு முகம், சம்பளம் கிடைக்க இன்னொரு முகம். இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த ஒருவர், எதிரில் இருப்பவர் எதைக் கேட்க விரும்புகிறார் என்று கணித்துப் பேசப் பழகியிருந்தால் அதில் வியப்பில்லை. நேராகக் கேட்டபோதெல்லாம் கிடைக்காதவர்கள்தான் வளைத்துக் கேட்கிறார்கள்.

இதைச் சொல்வது அவர்களுக்காகப் பரிதாபப்பட அல்ல. நம் வேலை என்ன என்பது இதிலிருந்துதான் தெளிவாகிறது. நம்மிடம் நேராகக் கேட்டால் நேரான பதில் கிடைக்கும், வளைத்துக் கேட்டாலும் அதே பதில்தான் கிடைக்கும் என்று அவர்கள் அனுபவத்தில் கண்டுகொள்ள வேண்டும். நான் மூன்று முறை பொய் சொன்னபோது அந்தத் தம்பிக்கு இதற்கு நேர்மாறானதைக் கற்றுக்கொடுத்தேன்.

ஸ்டீபன் கார்ப்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1968-இல் ஒரு முக்கோணத்தை வரைந்து காட்டினார். ஒரு முனையில் பாதிக்கப்பட்டவர், இன்னொன்றில் காப்பாற்றுபவர், மூன்றாவதில் வதைப்பவர். இந்த முனைகள் நிலையானவை அல்ல, ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அந்த வியாழக்கிழமை வரை நான் காப்பாற்றுபவள். வெள்ளிக்கிழமை காலை எச்.ஆரிடம் தலைகுனிந்து நின்றபோது நான் பாதிக்கப்பட்டவள். பத்து நிமிடம் கழித்து அந்தத் தம்பிக்குப் போன் செய்து, “உங்களுக்காக எவ்வளவு கெஞ்சறேன் தெரியுமா, உங்களுக்கு நன்றியே கிடையாதா?” என்று கத்தியபோது நான் வதைப்பவள். ஒரே நாளில் மூன்று முனைகளையும் சுற்றி வந்துவிட்டேன். காப்பாற்றும் இடத்தில் போய் உட்கார்ந்தவர் அங்கேயே இருக்க முடியாது.

சந்தேகப்படுவதற்கு முன்

ஒருவர் நம்மை ஏமாற்றுகிறார், ஆட்டிவைக்கிறார் என்று தோன்றும்போது, அந்த எண்ணத்தை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு இதையெல்லாம் விசாரியுங்கள்.

வேலையிடத்தில் ஏதாவது தடை இருக்கிறதா? மனநல மருந்து சாப்பிடுபவர் காலை ஷிப்டுக்கு வராமல் சாக்குச் சொன்னால், இரவு மாத்திரையின் மந்தம் காலை பத்து மணி வரை இருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவரிடம் பேசினால் மாத்திரை நேரத்தை மாற்ற வழியிருக்கலாம். ஆட்டிசம் உள்ள ஒருவர் “திங்கள்கிழமை நேர்காணல் உண்டா?” என்று ஒரே நாளில் பதினைந்து முறை கேட்டால் அது நச்சரிப்பாகத் தெரியும். அவருக்கு அது பதற்றத்தை அடக்கும் வழி. ஒரு தாளில் தேதி, நேரம், இடம், யார் வருவார்கள் என்று எழுதிக் கொடுத்தாலே கேள்வி குறையும்.

காது கேளாதவர்களின் குறுஞ்செய்தியால் எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை பெரிய மனத்தாங்கலே வந்தது. “நீ நாளை வா. கம்பெனி பேசு. சம்பளம் கேள்.” புதிதாகச் சேர்ந்த பெண் இதைப் படித்துவிட்டு, “என்னை அதிகாரம் பண்றாரு மேடம்” என்றார். அனுப்பியவருக்கு முதல் மொழி இந்தியச் சைகை மொழி. அதன் இலக்கணம் வேறு. தமிழின் ‘நீங்கள்’, ‘வாருங்கள்’ மரியாதைகளை யாரும் அவருக்குக் காதில் ஊட்டியதில்லை. நேரில் சைகையில் அவர் காட்டும் பணிவைப் பார்த்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு இந்த எண்ணமே வந்திருக்காது.

இன்னொன்று, போனைக் கையில் வைத்திருப்பவர் யார்? அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண்ணின் எண்ணிலிருந்து முன்பணம் கேட்டுச் செய்தி வந்துகொண்டே இருந்தது. நேரில் கேட்டபோது அவருக்கு எதுவுமே தெரியவில்லை. எழுதியது அண்ணன்.

இப்போது அந்தத் தம்பியிடம் திரும்புவோம். நான் கத்திய மறுநாள் எங்கள் அலுவலகத்தின் மூத்த சக ஊழியர், ஆண், அவர் வீட்டுக்குப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து எனக்குப் போன் செய்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முதுகுத்தண்டு அடிபட்டவர்களில் பலர் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தாங்களே குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அதற்குச் சுத்தமான, தாழ்ப்பாள் உள்ள ஓர் இடம் வேண்டும். அந்தக் கிடங்கில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை ஒன்று இருந்தது. நேர்காணல் நாளில் நானே அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் சேர்ந்த இரண்டாம் வாரத்தில் அதற்குள் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். அவர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பார்த்தார். சிறுநீரில் தொற்று வந்தது. காய்ச்சல் வந்தது.

நான் பொய் என்று நினைத்துச் சொன்ன காய்ச்சல் நிஜமாகவே இருந்திருக்கிறது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “அக்காகிட்ட எப்படி சார் இதைச் சொல்றது?” என்றாராம். ‘அக்கா’ என்று அவர் கூப்பிட்டதில் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. அந்த உறவுமுறைதான் அவர் வாயையும் அடைத்திருக்கிறது.

பெட்டிகளை அகற்ற ஒரு மதியம்தான் ஆனது. கதவுக்குத் தாழ்ப்பாள், கை எட்டும் உயரத்தில் ஒரு சிறு பலகை, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பதினைந்து நிமிட இடைவேளை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைத்தான் நியாயமான ஏற்பாடு என்கிறது. 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்கு என்னென்ன வசதி செய்து தரும் என்பதைத் தன் சமவாய்ப்புக் கொள்கையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. அந்தத் தாளை நான் கேட்டு வாங்கியிருந்தால் முதல் வாரமே இது பேசப்பட்டிருக்கும்.

அக்கா என்ற சொல்

நம் ஊரில் யாரும் யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகுவதில்லை. இரண்டாம் சந்திப்பிலேயே நாம் அக்கா, அண்ணன், அம்மா ஆகிவிடுகிறோம். தொழில்முறை எல்லை பற்றிப் பயிற்சி தருபவர்கள் சிலர் “உறவுமுறை வேண்டாம், மேடம் என்றே கூப்பிடச் சொல்லுங்கள்” என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது இங்கே ஒட்டாது. “அக்கான்னு கூப்பிடாதீங்க” என்று சொன்னால், எதிரில் இருப்பவருக்கு அது முகத்தில் கதவைச் சாத்தியதாகத்தான் படும். கூப்பிடட்டும். ஆனால் அக்கா என்ற பெயரோடு அக்காவின் கடன்களும் வரும்: அவசரத்துக்குப் பணம், அர்த்தராத்திரியில் போன், குடும்பச் சண்டையில் பஞ்சாயத்து. பெயரை வாங்கிக்கொண்டு கடன்களை மறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவர்களை நாம் எப்படி அழைக்கிறோம் என்பதும் இதைச் சேர்ந்ததுதான். 30 வயது ஆணை, மூளை முடக்குவாதத்தால் பேச்சு குழறுகிறது என்பதற்காக “வாடா கண்ணா” என்பதை எத்தனையோ அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். நான் 19 வயதுப் பெண்ணையும் ‘வாங்க, உக்காருங்க’ என்றுதான் சொல்கிறேன். ‘தம்பி, நீங்க’ என்பதில் அன்பும் இருக்கிறது, அவர் பெரியவர் என்ற நினைவூட்டலும் இருக்கிறது. குழந்தையாக நடத்தப்பட்டவர் குழந்தையைப் போல அடம்பிடித்தால் பாதிப் பொறுப்பு நம்முடையது.

எங்கள் அலுவலகத்தில் முதல் சந்திப்பிலேயே ஒரு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்துவிடுகிறோம். நாங்கள் என்ன செய்வோம்: விண்ணப்பம், நேர்காணல் பயிற்சி, நிறுவனத்தோடு பேச்சு, வேலையில் சேர்ந்த பிறகு ஆறு மாதம் தொடர்பு. என்ன செய்ய மாட்டோம்: பணம் தர மாட்டோம், வாங்கவும் மாட்டோம், நிறுவனத்திடம் உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டோம். எப்போது பேசலாம்: காலை 9.30 முதல் மாலை 6 வரை, அலுவலக எண்ணில். விடுப்பை நீங்களே நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும், சொல்லப் பயமாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். எங்கள் மீது குறை இருந்தால் யாரிடம் சொல்லலாம் என்று கடைசி வரி. பார்வையற்றவருக்கு இதைக் குரல்பதிவாக அனுப்புவோம். காது கேளாதவருக்குச் சைகை மொழி வீடியோ. அறிவுசார் குறைபாடுள்ளவருக்குப் படங்களோடு, இரண்டு தவணையாக. இந்தத் தாள் இல்லாத காலத்தில் ஒவ்வொரு மறுப்பும் என் சொந்த ஈரமின்மையாகத் தெரிந்தது. இப்போது “தாள்ல இருக்கில்லீங்க, அதேதான்” என்று சொல்ல முடிகிறது.

மறுப்பது எப்படி

பணம் கேட்பதை எடுத்துக்கொள்வோம், அதுதான் அடிக்கடி வருவது. “அக்கா, வாடகை கட்டலன்னா சாமானை வெளிய வச்சிடுவாரு. 2,000 ரூபா, சம்பளம் வந்ததும் தந்துடறேன்.”

பெரும்பாலோர் செய்யும் தவறு, காரணம் சொல்வது. “இந்த மாசம் எனக்கும் கஷ்டம்” என்றால், “சரிக்கா, அடுத்த மாசம்” என்பார். “ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க” என்றால், “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்பார். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு மாற்றுவழி இருக்கும். பதில் சுருக்கமாக இருக்கட்டும்: “பணம் நான் தர மாட்டேன் தம்பி. யாருக்குமே தர்றதில்ல. வாடகைக்கு என்ன வழின்னு உக்காந்து பார்ப்போம். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. கம்பெனியில அட்வான்ஸ் கேட்டு லெட்டர் எழுதலாம், வீட்டுக்காரர்கிட்ட நீங்க பேசறதுக்கு நான் கூட இருக்கேன்.” அவர் மறுபடி கேட்பார். அதே வாக்கியத்தை அதே குரலில் சொல்லுங்கள். மூன்றாம் முறையும். குரல் ஏறக் கூடாது, சொல் மாறக் கூடாது.

இரண்டாவது வகை, “முந்தின மேடம் செஞ்சு கொடுத்தாங்களே.” அல்லது, “அந்த சார் சரியில்லக்கா, நீங்கதான் மனுஷி.” கேட்க இனிக்கும். சக ஊழியரைப் பற்றி ஒரு வார்த்தை நீங்கள் ஒத்துப் பேசினால், அடுத்த வாரம் அவரிடம் உங்களைப் பற்றிப் பேசப்படும். “சாரைப் பத்தி குறை இருந்தா மூணு பேரும் சேர்ந்து உக்காந்து பேசலாம், எப்ப வெச்சுக்கலாம்?” என்று கேளுங்கள். உண்மையான குறை உள்ளவர் நாள் சொல்வார். திங்கள்கிழமை காலை அரை மணி நேரம் எல்லாரும் கூடி, யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று ஒப்பிட்டுக்கொள்வது எங்கள் அலுவலகத்தில் பல சச்சரவுகளை முளையிலேயே கிள்ளியிருக்கிறது.

“உங்க மேல கம்ப்ளெயின்ட் பண்ணுவேன்” என்ற மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். அது அவர் உரிமை. எங்கள் மேலாளரின் எண்ணையும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் முகவரியையும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம் என்பதையும் நாமே எழுதிக் கொடுத்துவிடலாம். எழுதத் தெரியாதவருக்கு வேறொரு ஊழியர் எழுதித் தரட்டும். பலமுறை அந்தத் தாளைக் கையில் வாங்கியதுமே பேச்சு இறங்கிவிடும். சில முறை புகார் போகும். அந்தப் புகார்களில் ஒன்றிரண்டு நியாயமாகவும் இருந்திருக்கின்றன.

போலி அனுபவச் சான்றிதழ், வேலையில் இல்லாதவருக்கு வங்கிக் கடனுக்காகச் சம்பளச் சீட்டு, உறவினர் பெயரில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் என்று கேட்டு வருபவர்களிடம் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகையை மோசடியாகப் பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது உரிமைச் சட்டத்தின் 91-ஆவது பிரிவு. அதைப் படித்துக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

“செத்துடுவேன்” என்று சொல்லும்போது

இந்த ஓர் இடத்தில் மட்டும் ‘இவர் நம்மை வளைக்கிறாரா’ என்ற கேள்வியே கூடாது. “இந்த வேலை கிடைக்கலன்னா நான் இருக்க மாட்டேன்” என்பதை “சும்மா சொல்றாரு”, “சீன் போடறாரு” என்று ஒதுக்கும் பேச்சு உங்கள் அலுவலகத்தில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். காரியம் சாதிக்கச் சொன்னவரும் அதைச் செய்துவிடக்கூடும்.

நேராகக் கேளுங்கள்: “தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா? எப்படிப் பண்ணிக்கணும்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா? இப்ப பக்கத்துல யார் இருக்காங்க?” இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்கப்பட்டதே பலருக்கு ஆறுதல். வழியும் யோசித்துவிட்டார், தனியாகவும் இருக்கிறார் என்றால் போனை வைக்காதீர்கள். இன்னொரு போனிலிருந்து வீட்டாரையோ பக்கத்து வீட்டாரையோ அங்கே போகச் சொல்லுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. காது கேளாதவருக்கு இந்தத் தொலைபேசி எண்கள் பயன்படாது. அதனால் சைகை மொழி தெரிந்த ஒருவரை வீடியோ அழைப்பில் கொண்டுவருவது எப்படி என்று முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று வீட்டார் பயந்து மறைப்பார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அந்த அழைப்பிலேயே வேலையைப் பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள். “இப்ப உங்க உயிரைப் பத்தி மட்டும் பேசுவோம். வேலையைப் பத்தி நாளைக்குப் பதினோரு மணிக்கு நேர்ல பேசுவோம்.” சொன்னபடி பதினோரு மணிக்கு அங்கே இருங்கள். உயிர் பதறும் நேரத்தில் நம் கவனம் முழுவதும் அவருக்குத்தான். ஆனால் நிறுவனம் எடுத்த முடிவை அந்தப் பதற்றம் மாற்றாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கடினமாக இருக்கும். சக ஊழியரோடு முன்பே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

வரம்பு மீறல்

பெண் களப்பணியாளர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் விஷயங்கள் இவை. இரவில் வீடியோ கால். “மேடம், இன்னைக்குப் புடவையில நல்லா இருந்தீங்க.” கை பிடித்துப் படியேறும்போது தேவைக்கு மேல் இறுகும் பிடி. ‘பாவம், அவரே கஷ்டப்படறவர், இதைப் போய்ப் பெரிசு பண்ணுவானேன்’ என்று பொறுத்துப்போகிறோம். பொறுக்காதீர்கள். முதல் முறையே, வேறு யாரும் இல்லாவிட்டாலும், தெளிவாகச் சொல்லுங்கள்: “சார், இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கல. இனிமே வேண்டாம். வேலையைப் பத்திப் பேசுவோம்.” அறிவுசார் குறைபாடு உள்ளவரானால் இன்னும் எளிதாக: “என் கையைத் தொடக் கூடாது. வணக்கம் மட்டும் சொல்லலாம்.” அன்றைய தேதியிலேயே எழுதி வையுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேலை நிமித்தமாக நாம் போகும் இடமும் பணியிடம்தான், வீட்டுச் சந்திப்பும் உட்பட. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் அலுவலகத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், சிறிய அமைப்புகளுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு.

மேற்பார்வையாளர்களுக்கு ஒரு சொல்: அந்தப் பெண்ணிடம் “நீங்க என்ன பேசினீங்க?” என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள்.

அதிகாரம் நம் பக்கமும் இருக்கிறது. வேலை என்ற சாவி நம் கையில் இருப்பதால், எதிரில் இருப்பவர் நம்மிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தயங்குவார். ஒரு பெண்ணின் விருப்பத்தை ஆட்டிவைக்கும் இடத்தில் இருந்துகொண்டு மாற்றுத்திறனாளிப் பெண்ணைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுபவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது உரிமைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு. புதிதாக வேலைக்குச் சேர்பவர் எவராக இருந்தாலும் இந்தப் பிரிவை முதல் நாளே வாசிக்க வைக்கிறோம்.

பதிவேட்டில் என்ன எழுதுவது

எங்கள் பழைய கோப்பு ஒன்றில் இப்படி இருந்தது: “பயனாளி பொய்யர். ஊழியரை ஆட்டிவைப்பவர். கவனம் தேவை.” அதை எழுதியவர் விலகிவிட்டார். அடுத்து வந்த மூன்று ஊழியர்கள் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் அந்த மனிதரைச் சந்தித்தார்கள். அவர் எதைச் சொன்னாலும் மூவரும் நம்பவில்லை.

எழுத வேண்டியது இப்படி: “12-ஆம் தேதி மாலை 4 மணிக்கு வந்தார். நேர்காணலுக்குப் போனதாகச் சொன்னார். நிறுவனத்தில் கேட்டபோது வரவில்லை என்றார்கள். 13-ஆம் தேதி அவரிடம் இதைச் சொன்னேன். பேருந்தில் ஏறிய பின் பயம் வந்து திரும்பிவிட்டதாகவும், சொல்ல வெட்கமாக இருந்ததாகவும் சொன்னார். அடுத்த நேர்காணலுக்கு உடன் போக ஒப்புக்கொண்டேன்.” அவரே உட்கார்ந்து படித்தாலும் மறுக்க முடியாதபடி எழுதுங்கள்.

கதவை மூட வேண்டி வந்தால்

எல்லாக் கதைக்கும் உள்ளே ஒரு கழிப்பறைக் கதவு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பயிற்சி மையத்தில் ஒருவர், நன்றாகப் பேசக்கூடியவர், கூடப் பயிலும் அறிவுசார் குறைபாடுள்ள பையன்களிடம் “மேடம்கிட்டச் சொல்லி உனக்கு வேலை வாங்கித் தரேன்” என்று சொல்லி 500, 1,000 என்று வாங்கியிருந்தார். நான்கு பேர். ஒரு பையன் அம்மாவின் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறான். எங்களுக்குத் தெரிய வந்தபோது அவர் அழுதார், தன் கஷ்டங்களைச் சொன்னார், அவை எல்லாம் உண்மையும்கூட. அன்று எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. ஆனால் அவர்மேல் காட்டும் சலுகை அந்த நான்கு பையன்களுக்குச் செய்யும் துரோகமாகிவிடும்.

அன்றே அவரைப் பயிற்சி வகுப்பிலிருந்து விலக்கினோம். நான்கு குடும்பங்களையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னோம். சொல்லாமல் மூடி மறைத்தால் மையத்தின் பெயர் தப்பும் என்று ஒரு கருத்து வந்தது, ஏற்கவில்லை. உரிமைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவின்படி மாற்றுத்திறனாளி மீதான சுரண்டலை யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம் என்பதையும், போலீசுக்குப் போகலாம் என்பதையும் அந்தக் குடும்பங்களிடம் சொன்னோம். அவர்கள் பணம் திரும்பினால் போதும் என்றார்கள். தவணைக்கு எழுதி வாங்கினோம்.

ஒருவருக்கான சேவையை நிறுத்தும் முடிவைக் களப்பணியாளர் தனியாக எடுக்கக் கூடாது. மேற்பார்வையாளர் கையெழுத்தோடு கடிதமாகக் கொடுங்கள். எதனால் நிறுத்துகிறோம் என்று நடந்ததை மட்டும் இரண்டு வரியில். வேறு எங்கே போகலாம் என்று: சென்னையானால் மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகம், மற்ற ஊரானால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம். இந்த முடிவு தவறென்று நினைத்தால் யாரிடம் முறையிடலாம் என்று ஒரு வரி. மீண்டும் வர விரும்பினால் எப்போது, என்ன செய்துவிட்டு வரலாம் என்று ஒரு வரி. எங்கள் கடிதத்தில் அது இப்படி இருந்தது: “நான்கு பேருடைய பணமும் முழுவதும் திரும்பிய பிறகு, ஆறு மாதம் கழித்து நீங்கள் வரலாம். வேலை தேட உதவுவோம். மற்றவர்களோடு சேர்ந்து பயிற்சி இராது, தனியாக நடக்கும்.”

கடிதத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம். நேரில் கொடுங்கள், அவருக்குப் புரியும் வழியில் வாசித்துக் காட்டுங்கள், கேள்வி கேட்க நேரம் கொடுங்கள். கூட இன்னொரு ஊழியர் இருக்கட்டும். அந்த அரை மணி நேரத்துக்குப் போனை அணைத்து மேசை இழுப்பறையில் வைத்துவிடுங்கள்.